பேச்சு எங்கே தொடங்குகிறது? கதையில் உரையாடல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு

கீழே இருக்கும் பத்தியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். அப்புச்சி என்றால் அந்தப் பக்கம் அம்மாவின் அப்பா.

அப்புச்சி மாடு எங்கே என்றாள் கவிதா சந்தைக்கு ஓட்டிப் போயாச்சு கண்ணு என்றார் எந்தச் சந்தைக்கு கருங்கல்பாளையம் சந்தைக்குத்தான் வேறெங்கே போவது நீ போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்தார் அவளுக்கு அழுகை வந்தது.

கல்லூரி மலருக்கும் கதைப் போட்டிக்கும் வருகிற முதல் பிரதிகள் பல இந்தக் கோலத்தில்தான் இருக்கும். கதை மோசமில்லை. ஆனால் கவிதா கேட்டது என்ன? அப்புச்சியைக் கூப்பிட்டு மாட்டைக் கேட்டாளா, அல்லது அப்புச்சியுடைய மாடு எங்கே என்று வேறு யாரிடமாவது கேட்டாளா? ‘கவிதா சந்தைக்கு’ என்று ஒட்டி வருகிறதே, சந்தைக்குப் போனது கவிதாவா? படிக்கிறவர் இரண்டாம் முறை படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை படிக்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது, போட்டி நடுவருக்குச் சுத்தமாக இருக்காது.

இதைச் சரிசெய்யும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பேச்சு முடிகிற இடத்தை மொழியே காட்டிவிடும். தொடங்குகிற இடத்தைக் காட்டாது.

‘என்று’, ‘என’, ‘என்றான்’, ‘என்றாள்’ என ஏதோ ஒன்று பேச்சின் வாலில் வந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் மேற்கோள் குறியோ வினாக்குறியோ இல்லாத ஓலைச்சுவடிகளில்கூட ஒருவர் கூற்று எங்கே முடிகிறது என்பது பெரும்பாலும் விளங்கியது. தொல்காப்பிய நூற்பாக்கள் ‘என்மனார் புலவர்’ என்று முடிவதை நீங்களே படித்திருப்பீர்கள். அச்சு பரவிய பிறகு, 19ஆம் நூற்றாண்டில்தான் நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் காலூன்றின. அவற்றைத் தம் பதிப்புகளில் பரவலாகக் கையாண்டவர் என்று ஆறுமுக நாவலரைச் (1822–1879) சொல்வார்கள். ஆக, முடிவைக் காட்ட நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே உண்டு. தொடக்கத்தைக் காட்டத்தான் எதுவும் கிடையாது. இந்த வரியைப் பாருங்கள்:

முருகேசன் அண்ணன் வந்துட்டார் என்றான்.

“முருகேசன் அண்ணன் வந்துட்டார்” என்றான் என்று எழுதினால், வந்தவர் முருகேசன். முருகேசன், “அண்ணன் வந்துட்டார்” என்றான் என்று எழுதினால், சொன்னவன் முருகேசன், வந்தவர் வேறு ஆள். இரண்டிலும் முடிவு ஒரே இடம்தான். திறக்கும் குறி ஒரு சொல் தள்ளிப் போனதும் கதையில் ஆளே மாறிவிட்டது.

முதல் படி: வாலைப் பிடித்துத் தலைக்குப் போங்கள்

கையெழுத்துப் பிரதியையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்று’, ‘என’, ‘என்றான்’, ‘என்றாள்’, ‘என்றார்’, ‘என்றதும்’, ‘என்றபடி’ ஆகிய சொற்களை எல்லாம் முதலில் வட்டமிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பின்னோக்கிப் போய், அந்த ஆள் வாயைத் திறந்த முதல் சொல்லைக் கண்டுபிடியுங்கள். அங்கே திறக்கும் குறியைப் போடுங்கள். வட்டத்துக்குச் சற்று முன்னால் மூடும் குறி.

நம் பத்தியில் மூன்று வட்டங்கள் விழும். முதலாவதிலிருந்து பின்னோக்கிப் போனால் ‘அப்புச்சி’. இரண்டாவதிலிருந்து போனால் ‘சந்தைக்கு’. அதற்கு முன் இருக்கும் ‘கவிதா’ முந்தைய வாக்கியத்தைச் சேர்ந்தவள் என்பது இப்போது தெரிந்துவிட்டது. மூன்றாவதிலிருந்து போனால் ‘கருங்கல்பாளையம்’. நடுவில் ‘எந்தச் சந்தைக்கு’ என்று வட்டம் விழாத ஒரு பேச்சு தப்பி நிற்கும். வால் இல்லாத பேச்சுகளைக் கண்ணால் பிடிக்க முடியாது. வாய்விட்டுப் படித்துக் குரல் மாறும் இடத்தைக் காது கேட்டால்தான் உண்டு. இவற்றைக் கடைசியில் தேடுங்கள்.

நேர்க்கூற்றுக்கு மட்டும்தான் மேற்கோள் குறி. அப்புச்சி சொன்னதை நீங்கள் உங்கள் வாக்கியத்தில் கரைத்து, ‘மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போய்விட்டதாக அவர் சொன்னார்’ என்று எழுதினால் அது அயற்கூற்று, குறி கூடாது. அவர் “தான் நாளை வருவதாக” கூறினார் என்று எழுதுகிறவர்கள் இரண்டு படகிலும் கால் வைக்கிறார்கள். ‘தான்’, ‘வருவதாக’ இரண்டும் எழுதுகிறவரின் சொற்கள், அவர் வாயிலிருந்து வந்தவை அல்ல. அவர் உண்மையில் சொன்னது, “நான் நாளைக்கு வர்றேன்.” பள்ளித் தேர்வில் கூற்று மாற்றச் சொல்லும்போது ‘நான்’ என்பது ‘தான்’ ஆவதும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆவதும், ‘இங்கே’ என்பது ‘அங்கே’ ஆவதும், ‘வா’ என்பது ‘வருமாறு’ ஆவதும் இதே கணக்குதான்.

இரண்டாம் படி: பேசுகிறவர் முன்னாலா பின்னாலா

பெயர் பேச்சுக்கு முன்னால் வந்தால், பெயரை அடுத்துக் காற்புள்ளி போட்டுத் திறக்க வேண்டும்.

கவிதா, “மாடு எங்கே?” என்றாள்.

பெயருக்கும் பேச்சுக்கும் நடுவில் வேறு செயல் இருந்தால் காற்புள்ளி அந்தச் செயலுக்குப் பின்னால் போகும். கவிதா புத்தகப் பையை இறக்கிவிட்டு, “மாடு எங்கே?” என்றாள். இங்கே ‘கவிதா’வுக்குப் பின் இன்னொரு காற்புள்ளி வேண்டாம்.

பெயர் பின்னால் வந்தால் இன்னும் எளிது: “மாடு எங்கே?” என்றாள் கவிதா. முற்றுப்புள்ளியைப் பெயருக்குப் பின்னால் மறக்காமல் வையுங்கள். மேலே ‘கவிதா சந்தைக்கு’ என்று குழம்பியது இந்த ஒரு புள்ளி இல்லாததால்தான்.

மொழிபெயர்ப்புக் கதைகளை அதிகம் படிக்கிற மாணவர்கள், “நாளைக்கு,” என்றார் அவர், “சந்தைக்குப் போகணும்” என்று வாக்கியத்தின் நடுவில் வெட்டுவார்கள். எனக்கு இது உறுத்தும். ‘என்றார்’ வந்துவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். நடுவில் வெட்டியே ஆக வேண்டுமென்றால், ஒரு வாக்கியம் முழுதாக முடிந்த இடத்தில் வெட்டுங்கள்: “நாளைக்குச் சந்தைக்குப் போகணும்” என்றார் அப்புச்சி. “நீ வெடியக் காலம் எந்திரிச்சுக்க.”

மூன்றாம் படி: மூடும் குறிக்குள் என்ன இருக்கலாம்

வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேச்சைச் சேர்ந்தவை. மூடும் குறிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். “மாடு எங்கே”? என்றாள் என்று வெளியே தள்ளக் கூடாது.

முற்றுப்புள்ளி கொஞ்சம் வேறு மாதிரி. பேச்சுக்குப் பின் ‘என்று’ அல்லது ‘என்றார்’ வந்தால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. அதனால் பேச்சின் கடைசியில் புள்ளி வேண்டாம்: “நீ போய்ச் சாப்பிடு” என்றார். பேச்சே தனியாக நின்றால் புள்ளி உள்ளே: “சந்தைக்கு ஓட்டிப் போயாச்சு கண்ணு.” ஒரே ஆள் மூன்று வாக்கியம் பேசினால் முதல் இரண்டுக்கும் புள்ளி உண்டு, ‘என்றார்’ தொடும் மூன்றாவதுக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியாகத் திறந்து மூடத் தேவையில்லை. ஆள் மாறும்வரை ஒரே ஜோடிக் குறி போதும்.

“நீ போய்ச் சாப்பிடு,” என்றார் என்று காற்புள்ளி போடும் பத்திரிகைகளும் உண்டு. தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சையும் வாக்கியத்தையும் சேர்க்கும் வேலையை ‘என்றார்’ ஏற்கெனவே செய்கிறது, காற்புள்ளிக்கு அங்கே வேலை இல்லை. நான் போடுவதில்லை. நீங்கள் போடுவதானால் கதை முழுக்கப் போடுங்கள். பாதிக் கதையில் ஒன்று, மீதியில் வேறொன்று என்று இருந்தால்தான் நடுவர் பேனாவை எடுப்பார்.

இன்னொரு சின்ன விஷயம்: ‘என்றுச் சொன்னான்’ கிடையாது, ‘என்று சொன்னான்’தான். ‘என’ வந்தால் மிகும்: எனச் சொன்னான், எனக் கேட்டான்.

“எங்கே?” கேட்டான் என்று ‘என்று’ இல்லாமல் எழுதுவது வார இதழ்த் தொடர்களில் சகஜம். பழகும் காலத்தில் வேண்டாம். ‘என்று’ இருக்கட்டும்.

நான்காம் படி: ஆள் மாறினால் பத்தி மாறும்

விதி சின்னது. பலன் பெரியது. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறந்தால் புதுப் பத்தி. ‘ஊம்’ என்று ஒரே சொல் பேசினாலும் புதுப் பத்திதான். நோட்டில் எழுதினால் ஒரு விரல் உள்தள்ளித் தொடங்குங்கள். கணினியில் உள்தள்ளல் அல்லது வரி இடைவெளி, ஏதாவது ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பக்கம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

பேசுகிறவர் செய்யும் செயல் அவர் பேச்சுள்ள பத்தியிலேயே இருக்கட்டும். அப்புச்சி பேசிவிட்டுத் திண்ணையில் உட்கார்கிறார் என்றால் இரண்டும் ஒரே பத்தி. கவிதாவுக்கு அழுகை வருவது அவள் சமாச்சாரம். அது அடுத்த பத்திக்குப் போக வேண்டும். இதுவரை பார்த்ததை வைத்து நம் பத்தியை எழுதினால்:

“அப்புச்சி, மாடு எங்கே?” என்றாள் கவிதா.

“சந்தைக்கு ஓட்டிப் போயாச்சு கண்ணு” என்றார்.

“எந்தச் சந்தைக்கு?”

“கருங்கல்பாளையம் சந்தைக்குத்தான். வேறெங்கே போவது? நீ போய்ச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு சொல்கூட மாறவில்லை. கடைசி வரி தனியாக நிற்கும்போது அந்த அழுகைக்கு ஒரு கனம் வந்திருக்கிறது பாருங்கள். பத்தி பிரிப்பது அழகுக்கு மட்டுமல்ல.

ஐந்தாம் படி: யார் சொன்னது என்பதை எத்தனை முறை சொல்வது

இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘என்றாள்’ என்றாலே பெண், ‘என்றார்’ என்றாலே மதிப்புக்குரியவர். அப்புச்சியும் பேத்தியும் பேசும்போது பெயரே இல்லாமல் இரண்டு பக்கம் ஓட்டலாம். ஆனால் இரண்டு கூட்டாளிகள் திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டே பேசினால் இருவரும் ‘என்றான்’தான். அங்கே பெயரோ செயலோ கொடுக்காவிட்டால் நாலாவது வரியில் யார் யாரென்று தெரியாது.

இருவர் மாறி மாறிப் பேசும்போது, தொடக்கத்தில் ஒருமுறை யார் என்று காட்டிவிட்டு நாலைந்து வரிகளுக்கு வெறும் பேச்சாக விடலாம். அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் டம்ளரைக் கீழே வைக்கட்டும், செருப்பைத் தேடட்டும். மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிட்டால் இந்தச் சலுகை செல்லாது. ஒவ்வொரு பேச்சுக்கும் அடையாளம் வேண்டும்.

‘என்றான்’ திரும்பத் திரும்ப வருகிறதே என்று பயந்து உறுமினான், கர்ஜித்தான், முழங்கினான், வினவினான், பகர்ந்தான் என்று அகராதியைக் கவிழ்க்க வேண்டாம். ‘என்றான்’ கண்ணை உறுத்தாத சொல். படிக்கிறவர் அதைத் தாண்டிப் பேச்சுக்குப் போய்விடுவார். ‘பகர்ந்தான்’ நின்று கவனிக்க வைக்கும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் யாரும் எதையும் பகர்வதில்லை.

மரியாதை விகுதியை இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பத்தா பேசினால் ‘என்றாள்’ என்பதா, ‘என்றார்’ என்பதா? இரண்டும் சரி. பேரன் தன் வாயால் சொல்லும் கதையில் ‘என்றது’ என்றுகூட வரலாம். வீட்டில் “அப்பத்தா சொல்லுச்சு” என்றுதானே சொல்கிறோம். ஆனால் முதல் பக்கத்தில் என்றாள், மூன்றாம் பக்கத்தில் என்றார் என்று இருந்தால் அப்பத்தா இரண்டு பேராகிவிடுவார்.

ஆறாம் படி: கூப்பிடு சொல்லும் ‘ங்க’வும்

கொங்குப் பேச்சில் யாரையாவது கூப்பிடாமல் ஒரு வாக்கியம் நகராது. கண்ணு, சாமி, அம்மிணி, மாப்ள, தம்பி, ஏனுங்க. ஆகவே விளிக்கு அடுத்த காற்புள்ளி இங்கே மற்ற எல்லாக் குறிகளையும்விட அதிகம் உழைக்கும்.

பேச்சின் தொடக்கத்தில் விளி வந்தால் காற்புள்ளி கட்டாயம். “தம்பி, சாப்பிட்டாச்சா?” என்றால் எதிரே நிற்கும் தம்பியைக் கேட்கிறார். “தம்பி சாப்பிட்டாச்சா?” என்றால் வீட்டுக்குள் இருக்கும் தம்பியைப் பற்றி வேறொருவரிடம் விசாரிக்கிறார். அப்புச்சி மாட்டுக் குழப்பமும் இதுதான். கடைசியில் விளி வந்தால் எனக்குக் காற்புள்ளி தேவைப்படுவதில்லை. “போயாச்சு கண்ணு” என்பதை யாரும் மூச்சுவிட்டு நிறுத்திச் சொல்வதில்லை. தூரத்தில் இருப்பவரைக் கத்திக் கூப்பிட்டால் மட்டும் “அப்புச்சி!” என்று உணர்ச்சிக்குறி. ஒன்று போதும். மூன்று போட்டால் சத்தம் கூடாது.

‘ஏனுங்க’ தனியாக ஒரு கேள்வியாக நிற்கும், கூப்பிடும் சொல்லாகவும் வரும். குறிதான் இரண்டையும் பிரிக்கும்.

“ஏனுங்க, பெருந்துறை பஸ் போயிருச்சுங்களா?”

“ஏனுங்க? நான் என்ன தப்பாச் சொல்லீட்டேன்?”

முதலாவதில் கூப்பிடுகிறார். இரண்டாவதில் கேட்கிறார். 

‘ங்க’வை முந்தைய சொல்லோடு ஒட்டியே எழுதுங்கள். ‘சரி ங்க’ என்று இடைவெளியோ, ‘சரி’ங்க’ என்று நடுவில் மேல்குறியோ வேண்டாம். ‘சரிங்க’. சில பெரியவர்கள் ‘சரிங்’, ‘வாங்’ என்று மெய்யெழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ஓசை உங்கள் காதில் விழுந்திருந்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் அந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும், கதை முடியும்வரை. கதையில் வருகிற எல்லாரும் ‘ங்’ போட்டால் எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

ஏழாம் படி: ஊர்ப் பேச்சை எவ்வளவு விடுவது

இங்கேதான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம், அப்புச்சி ‘வேறெங்கே போவது’ என்று பாடப்புத்தகம் பேசுகிறார். இன்னொரு பக்கம், ஒவ்வோர் ஓசையையும் எழுத்தாக்கப் போய், உள்ளூர்க்காரரே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய நிலை.

கதை சொல்கிற உங்கள் குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழ் வரட்டும். குறிதான் இரண்டுக்கும் எல்லை. குறிக்குள்ளேயும், ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொல்லில் ஊர் தெரிந்தால் போதும். மீதியைப் பொதுப் பேச்சுத் தமிழில் விட்டால் தஞ்சாவூர்க்காரரும் தடையில்லாமல் படிப்பார்.

எல்லை சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பேச்சிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இங்கே ‘என்ற பையன்’ என்றால் என்னுடைய பையன்.

என்ற பையனக் கேளுங்க என்ற பெரியவரை அவன் திரும்பிப் பார்த்தான்.

முதல் ‘என்ற’ பெரியவர் பேச்சு. இரண்டாவது ‘என்ற’ கதை சொல்கிறவருடையது. “என்ற பையனக் கேளுங்க” என்ற பெரியவரை அவன் திரும்பிப் பார்த்தான் என்று குறி போட்டால் பொள்ளாச்சிக்காரருக்கும் புரியும், சென்னைக்காரருக்கும் புரியும்.

வட்டாரச் சொல்லுக்கு ஒற்றை மேற்கோள் போடுவது வேண்டாம். “வீட்டுக்கு ‘ஒறம்பரை’ வந்திருக்காங்க” என்று எழுதினால், பேசுகிற அம்மா அந்தச் சொல்லைக் கூச்சத்தோடு சொல்வது போல ஆகிவிடும். அவருக்கு அது தினப்படிச் சொல். “ஒறம்பரை (உறவினர்) வந்திருக்காங்க” என்று பேச்சுக்குள் அடைப்புக்குறியில் பொருள் எழுதுவது இன்னும் மோசம். அடைப்புக்குறி போட்டு யார் பேசுகிறார்கள்? பொருள் தெரிய வேண்டுமென்றால் அடுத்த வரியில் ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், சின்ன மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருக்கட்டும், புரிந்துவிடும்.

கொங்கு நாட்டில் எல்லாரும் ‘ங்க’ போட்டுப் பேசுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம், கோவையில் எத்தனையோ வீடுகளில் தெலுங்கு, திருப்பூர் கம்பெனியில் வட மாநிலத்துப் பையன்களின் புதுத் தமிழ். அவரவர் பேச்சு அவரவருக்கு.

இந்தப் படியையும் சேர்த்து நம் பத்தியை மறுபடி எழுதிப் பார்க்கலாம். இம்முறை சொற்களையும் தொடுவோம்.

“மாட்டக் காணமுங்களே அப்புச்சி?” கவிதா புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. கட்டுத்தரை காலியாகக் கிடந்தது.

“சந்தைக்கு ஓட்டீட்டுப் போயாச்சு கண்ணு.”

“எந்தச் சந்தைக்குங்க?”

“கருங்கல்பாளையத்துக்குத்தான். இன்னைக்கு வியாழக்கிழமைதானே? நீ போயிச் சோறுண்ணு” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது.

முதல் பேச்சுக்கு ‘என்றாள்’ இல்லை. அடுத்த வாக்கியத்தில் புத்தகப் பை வந்ததும் ஆள் தெரிந்துவிடுகிறது. ‘அவர்’ என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது, ‘உட்கார்ந்தார்’ போதும்.

சில்லறை விஷயங்கள்

பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் உள்ளே ஒற்றைக் குறி. “‘மழை வராது’ன்னு அப்பத்தா சொல்லுச்சு” என்றான். ஆனால் பேச்சுத் தமிழில் ‘ன்னு’ முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் உள்குறி இல்லாமலே விளங்கும்: “மழை வராதுன்னு அப்பத்தா சொல்லுச்சு.” இதுதான் கண்ணுக்கு இதம்.

மனதுக்குள் நினைப்பதற்கு இரட்டைக் குறி வேண்டாம். ஒற்றைக் குறி போடலாம், குறியே இல்லாமலும் விடலாம்.

பேச்சு இழுத்து நின்றால் மூன்று புள்ளி. ஏழெட்டுப் புள்ளி வைத்தால் தயக்கம் கூடுவதில்லை. ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டினால் புள்ளிகளுக்குப் பதில் ஒரு கோடு.

இழுத்துக் கூப்பிடுவதைக் காட்ட ‘வாாாா’ என்று காலைத் தொடர்ந்து தட்டாதீர்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) துணைக்கால் தனியாக நிற்காது, பல திரைகளில் புள்ளி வட்டம் புள்ளி வட்டமாகத் தெரியும். ‘வாஆஆ’ என்று உயிரெழுத்தைப் போடுங்கள். அளபெடை நமக்குப் புதிதல்லவே.

கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளை பெயர் முதல் மண்டபம் பெயர் வரை மேற்கோள் குறிக்குள் இருக்கும். அந்தப் பழக்கம் கதைக்குள்ளும் வருகிறது: அவன் “மிகவும்” கோபப்பட்டான். கோபத்தை அழுத்திச் சொல்ல நினைத்திருக்கிறார். படிக்கிறவருக்கோ கேலி செய்வது போலப் படும்.

தேர்வில் ‘உரையாடல் எழுதுக’ என்று கேட்டால் இதெல்லாம் வேண்டாம். அது நாடக வடிவம். பெயர், முக்காற்புள்ளி, பேச்சு. மேற்கோள் குறியும் கிடையாது, ‘என்றான்’ என்பதும் கிடையாது. நடிப்புக் குறிப்பு மட்டும் அடைப்புக்குறியில்.

கவிதா: (பையை இறக்காமல்) அப்புச்சி, மாடு எங்கே?

அப்புச்சி: சந்தைக்கு ஓட்டிப் போயாச்சு கண்ணு.

கதையையும் நாடகத்தையும் கலந்து, கவிதா: “மாடு எங்கே?” என்றாள் என்று எழுதுவதுதான் அதிகம் பார்க்கும் தப்பு.

தட்டச்சு செய்யும்போது

திறக்கும் குறிக்குப் பின்னும், மூடும் குறிக்கு முன்னும், வினாக்குறிக்கு முன்னும் இடைவெளி விடக் கூடாது. ‘எங்கே ?’ என்று இடைவெளி விட்டால் வரி மடங்கும்போது வினாக்குறி மட்டும் அடுத்த வரிக்குத் தனியாகப் போய்விடும். மூடும் குறிக்கும் ‘என்றான்’ என்பதற்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி.

வளைந்த குறியா, நேர்க்குறியா என்பது உங்கள் விருப்பம். இரண்டும் ஒரே கதையில் இருக்கக் கூடாது. செல்போனில் பாதி, கணினியில் பாதி தட்டினால் இப்படி ஆகும். வேர்டும் கூகுள் டாக்ஸும் நேர்க்குறியைத் தாமாகவே வளைத்துக்கொள்ளும். சில சமயம், குறிப்பாகக் கோட்டுக்குப் பின்னால், திறக்க வேண்டிய இடத்தில் மூடும் குறியைப் போட்டுவிடும். வேர்டில் அந்த வளைவு வேண்டாமென்றால் உடனே கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் நேராகிவிடும். செல்போன் விசைப்பலகைகள் பலவற்றில் மேற்கோள் விசையை அழுத்திப் பிடித்தால் வளைந்த குறிகள் வரும்.

எழுதி முடித்ததும் தேடல் பெட்டியில் திறக்கும் குறியைப் போட்டு எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு மூடும் குறியைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் எங்கோ ஒருவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பழைய எழுத்துருவில் தட்டி ஒருங்குறிக்கு மாற்றுகிறவர்கள் மாற்றிய பிறகு இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அத்தகைய எழுத்துருக்களில் நிறுத்தக்குறி இருக்க வேண்டிய விசையில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், பாமினியில் அரைப்புள்ளி விசை மெய்யெழுத்துப் புள்ளி ஆவது போல. மாற்றும்போது மேற்கோள் குறிகள்தான் முதலில் இடம் மாறும். அனுப்பும்போது வேர்டுக் கோப்போடு பி.டி.எஃப். பிரதியையும் சேர்த்து அனுப்பினால், அந்தப் பக்கத்தில் எழுத்து உடைந்து தெரிந்தாலும் நீங்கள் குறியை எங்கே வைத்தீர்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.